குடியேற்ற அரசும் அதன் வாரிசுகளும்: இலங்கை அரசியலமைப்பின் வரலாற்று அடிப்படை பற்றிய ஒரு விமரிசனம்

இலங்கையின் அரசியலமைப்புப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை குறைவல்ல. 1833, 1910, 1920, 1924, 1931, 1947, 1972, 1978 என ஆண்டுகளை நிரல்படுத்தி, ஒவ்வொரு யாப்பின் உறுப்புகளையும் விவரித்து, எந்த வாசகம் எவருக்குப் பாதகமாயிற்று என்று காட்டும் நூல்கள் நம்மிடம் உள. அவற்றின் பயன் பெரிது. எனினும், யாப்புகள் ஏன் அவ்வாறு அமைந்தன என்ற வினா எழுமிடத்து, அந்நூல்கள் தரும் விடைகள் பெரும்பாலும் மூன்றாக அடங்கிவிடுகின்றன. துட்டகைமுனு-எல்லாளன் காலந்தொட்டே தொடரும் இனப்பகை என்பது ஒன்று. வெள்ளையரின் பிரித்தாளும் சூழ்ச்சி என்பது மற்றொன்று. தலைவர்கள் செய்த துரோகம் என்பது மூன்றாவது. இம்மூன்றும் ஏன் போதாதவை என்பதையும், இவற்றின் இடத்தில் வைக்கத்தக்க விளக்கம் யாது என்பதையும் நாம் இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

முதலாவது விடை வரலாற்றையே மறுப்பது. ஈராயிரம் ஆண்டுகளாக மாறாதிருக்கும் பகையொன்று இருக்குமாயின், அது ஏன் 1915ல் முஸ்லிம்கள் மீதும், 1930களில் மலையாளத் தொழிலாளர் மீதும், 1958லும் 1983லும் தமிழர் மீதும் பாய்ந்தது என்பதை அவ்விடையால் விளக்கவியலாது. இரண்டாவது விடையில் உண்மையுண்டு. ஆயினும், பிரிக்கப்பட்டோருள் பிரிவினால் இலாபமடைந்த வர்க்கத்தினரைக் குற்றத்தினின்றும் விடுவிக்கும் வசதியும் அதிலுண்டு. மூன்றாவது விடை மேடைப் பேச்சுக்கு உகந்தது. ஒரே துரோகத்தை வெவ்வேறு கட்சியினர், வெவ்வேறு மொழியினர், வெவ்வேறு தசாப்தங்களில் மீண்டும் மீண்டும் புரிவாராயின், தனிமனிதரின் குணத்தைவிட அவர்களை அவ்வழியிற் செலுத்திய சமூக சக்திகளே ஆய்வுக்குரியவை.

1

போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கரையோரத்தை ஆண்டனர். அவர்களுக்கு வேண்டியவை கறுவாவும் துறைமுகமும். 1815ல் கண்டியைக் கைப்பற்றி முழுத் தீவையும் முதன்முதல் ஆண்ட பிரித்தானியருக்கு வேண்டியது நிலம். 1833ல் கோல்புறூக்-கமரன் விதப்புரைகளின்படி கண்டி, கரையோரம் ஆகியவற்றின் தனித்தனி நிர்வாகங்கள் ஒழிக்கப்பட்டு, தீவு முழுவதும் 5 மாகாணங்களாக வகுக்கப்பட்டுக் கொழும்பின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. இவற்றைத் தாராளவாதத்தின் கொடையெனப் பாடநூல்கள் கூறும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு சேர்த்து நோக்கும்போது இதன் பொருளாதாரத் தருக்கம் புலனாகும். காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என அச்சட்டம் கொண்டது. சேனைக்கும் மேய்ச்சலுக்கும் பயன்பட்ட நிலத்துக்கு உறுதி காட்டமுடியாத கண்டிக் குடியானவனின் மலைச்சரிவுகள் கோப்பித் தோட்டங்களாயின. அந்நிலத்தை வாங்கியோருள் அதனை விற்ற அரசின் உயர் உத்தியோகத்தர் பலரும் இருந்தனர்.

தோட்டத்துக்கு வேண்டிய உழைப்பு தென்னிந்திய வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் வழியாக வந்தது. 1867ல் கண்டிக்கு ரயில் பாதை முடிவுற்றது. 1869ல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. பயிர் மாறியபோதும் அரசின் வடிவம் மாறவில்லை. தோட்டத்தையும் வங்கியையும் துறைமுகத்தையும் ஒரே கோட்டில் இணைத்து, அக்கோட்டின் பாதுகாப்புக்காகக் கொழும்பில் அதிகாரத்தைக் குவிப்பதே அவ்வடிவம். பின்னாளில் 'ஒற்றையாட்சி' எனப் புனிதப்படுத்தப்பட்டதன் பிறப்பு இதுவே. அதை அநுராதபுரத்தின் மரபாகக் காண்போரும், சிங்கள மன்னரின் பழிவாங்கலாகக் காண்போரும் ஒருசேரத் தவறிழைக்கின்றனர். அது கோப்பிக் கணக்கேட்டிலே பிறந்தது.

2

இவ்வரசில் உள்நாட்டாருக்கு அளிக்கப்பட்ட இடம் எத்தகையது? 1833ல் அமைந்த சட்டநிரூபண சபையில் உத்தியோகப் பற்றற்ற உறுப்பினர் அறுவர்: ஐரோப்பியர் மூவர், சிங்களவர் ஒருவர், தமிழர் ஒருவர், பறங்கியர் ஒருவர். 1889ல் கண்டிச் சிங்களவருக்கும் முஸ்லிமுக்கும் ஒவ்வோரிடம் சேர்க்கப்பட்டது. ஒரு மனிதன் ஆட்சியின் முன் தோன்றத்தக்க ஒரே வேடம் இனத்தின் வேடம் என்பது இவ்வாறு நிறுவனமாயிற்று. எனினும் அக்காலத்தில் இவ்வேடம் பூண்டோர் தம்முள் பெரிதும் வேறுபட்டாரல்லர். சாராயக் குத்தகை, காரீயம், தென்னை, றப்பர் ஆகியவற்றாற் பொருளீட்டிய தென்னிலங்கைக் குடும்பங்களும், ஆங்கிலக் கல்வியாலும் அரசாங்க உத்தியோகத்தாலும் உயர்ந்த யாழ்ப்பாணத்து வேளாளக் குடும்பங்களும் ஒரே வர்க்க நலனால் இணைந்திருந்தன. 1911ல் படித்த இலங்கையருக்கான ஒரே ஆசனத்துக்கு நடந்த தேர்தலிற் பொன்னம்பலம் இராமநாதன் வென்றார். வாக்காளர் சுமார் மூவாயிரவர். இவ்வெற்றியை இன ஒற்றுமையின் பொற்காலமாகப் போற்றும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது மூவாயிரவரின் ஒற்றுமை.

1919ல் பொன்னம்பலம் அருணாசலத்தைத் தலைவராகக் கொண்டு தோன்றிய இலங்கைத் தேசிய காங்கிரஸ் ஈராண்டுகளிலேயே பிளவுற்றது. கொழும்பில் தமிழருக்கென ஓர் ஆசனம் பற்றிய வாக்குறுதி மீறப்பட்டமை உடனடிக் காரணம். ஆசனங்கள் பெருகியபோது, இனவேடத்தின் வழியாகவே அவற்றைப் பங்கிட வேண்டியிருந்தமை ஆழ்ந்த காரணம். இதைத் தகர்க்கவல்ல வெகுசன இயக்கம் எதையும் காங்கிரஸ் தலைமை கட்டியெழுப்பவில்லை, கட்டியெழுப்ப விரும்பவுமில்லை. டொனமூர் ஆணைக்குழுவின் முன் அத்தலைமை வேண்டியது வருமான, சொத்து, கல்வித் தகுதிகளுடன் கூடிய வாக்குரிமையையே. சர்வசன வாக்குரிமை கேட்டோருள் முதன்மையானவர் தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்க. 1931ல் 21 வயதுக்கு மேற்பட்ட ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்தபோது, அதனை எதிர்த்த வர்க்கமே அதனாற் கிடைத்த அதிகாரத்தை அனுபவிக்கலாயிற்று. வாக்கு வேண்டும், வாக்களிப்போனுக்கு நிலமோ கூலியுயர்வோ கொடுக்க மனமில்லை. இந்நிலையில் அவனுக்குக் கொடுக்கத்தக்க மலிவான பொருள் இனப்பெருமையே. டொனமூர் யாப்பு இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்தது உண்மை. 1936ல் 7 அமைச்சர்களும் சிங்களவராகவே அமைந்தமை, ஒழிக்கப்பட்டது வேறு வழியாகத் திரும்பி வந்ததைக் காட்டுகிறது.

வடக்கில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் 1931ஆம் ஆண்டுத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. பூரண சுயராச்சியத்துக்குக் குறைந்த எதையும் ஏற்கோம் என்ற அக்குரல், அன்று இத்தீவில் எழுந்த மிக முன்னேறிய குரல்களுள் ஒன்று. ஆனால் நான்கு ஆசனங்களை வெறுமையாக விட்டதன்றி அக்குரலைத் தாங்கி நிற்க ஓர் உழைப்பாளர் இயக்கத்தை அதனால் உருவாக்க இயலவில்லை. 1934ல் அவ்வாசனங்கள் நிரப்பப்பட்டபோது, அரங்கம் பழைய வகுப்பினரிடமே மீண்டது.

3

இச்சக்திகள் வாழ்நிலையில் எவ்வாறு மோதின என்பதை அறிய நாம் தொலைவிற் செல்லவேண்டியதில்லை. பம்பலப்பிட்டியிலிருந்து காலி வீதி வழியே தெற்கே நடந்தால் வெள்ளவத்தை. அங்கிருந்த நூல் நூற்பு நெசவாலையில் 1933ல் கூலிக்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. இந்திய வம்சாவளியினரும் சிங்களவருமாகிய தொழிலாளர் ஒன்றாக வெளியேறினர். அவர்களுக்குத் தலைமை தாங்க வந்தவர் இளம் சட்டத்தரணியான கொல்வின் ஆர். டி சில்வா. அவரும் அவர் தோழரும் ஈராண்டுகளின் பின் லங்கா சமசமாசக் கட்சியைத் தொடங்கினர். அவ்வேலைநிறுத்தத்தை எதிர்த்து நின்றவரோ, பத்தாண்டுகளுக்கு முன் 1923ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தை நடத்திய அதே குணசிங்க. உலகப் பொருளாதார மந்தம் வேலையின்மையைப் பெருக்கியபோது, அவரது தொழிற்சங்கமும் பத்திரிகையும் மலையாளத் தொழிலாளருக்கு எதிரான பிரசாரத்தில் இறங்கின. குமாரி ஜயவர்த்தன இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சி பற்றி 1972ல் வெளியிட்ட நூலில் இம்மாற்றத்தை விரிவாகக் காட்டியுள்ளார்.

அதே காலி வீதியில், பம்பலப்பிட்டியிற் கதிரேசன் கோவில் நிற்கிறது. ஆடிவேல் தேர் செட்டியார் தெருவிலிருந்து அவ்வழியே வந்தது. அத்தேரை இழுப்பித்த நாட்டுக்கோட்டைச் செட்டிமார், பிரித்தானிய வங்கிகளுக்கும் உள்நாட்டுக் கடனாளிகளுக்கும் இடையே நின்று, அரிசி இறக்குமதியையும் சிறுதோட்டக்காரரின் கடனையும் நடத்தியோர். உள்நாட்டாருக்குக் கடன் கொடுக்க மறுத்தது பிரித்தானிய வங்கி; மந்தக் காலத்தில் ஈட்டை மூழ்கடித்தபோது கண்ணிற் பட்டவர் செட்டியார். நிலமிழந்தவனின் கோபம் வங்கியை விட்டு நெற்றியில் நீறணிந்தவன் மீது சென்றதில் வியப்பில்லை. 1939ல் இலங்கை வங்கி தோன்றியமைக்கும், 'அந்நியர்' என்ற சொல் வெள்ளையனைவிட்டு இந்தியனைச் சுட்டலானமைக்கும் சமூக அடித்தளம் ஒன்றே. வர்க்க முரண்பாடு இனமுரண்பாடாக உருமாறும் பொறிமுறையை வெள்ளவத்தை ஆலை வாசலும் பம்பலப்பிட்டித் தேர்வீதியும் 1930களிலேயே நமக்குக் காட்டிவிட்டன.

4

1940ல் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்திற் பொலிசாரின் சூட்டுக்கு கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். 1947 ஜூன் மாதம் அரசாங்க ஊழியர் வேலைநிறுத்த ஊர்வலத்தில் கந்தசாமி என்னும் எழுதுவினைஞர் சுட்டுக்கொல்லப்பட்டார். அவ்வேலைநிறுத்தச் சூழ்நிலையிலேயே பொதுசனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. சுதந்திரத்துக்குச் சில மாதங்களுக்கு முன், தொழிலாளரை அடக்கவெனக் குடியேற்ற அரசின் கடைசிப் பட்டறையில் வடிக்கப்பட்ட ஆயுதம் அது. 1958, 1971, 1983 என எந்த ஆண்டின் அவசரகால நிலையை எடுத்தாலும் அச்சட்டத்தின் நிழல் தெரியும். 2007 ஜூன் மாதம் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளிலிருந்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர் பஸ்களில் ஏற்றி அகற்றப்பட்டமையும் அவ்வாட்சிமுறையின் தொடர்ச்சியே. மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2022ல் எரிபொருளும் மருந்தும் கேட்டுத் தெருவிலிறங்கிய சிங்கள மக்கள் மீது விதிக்கப்பட்ட அவசரகால நிலையின் சட்டமூலமும் 1947ஆம் ஆண்டினதே.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி பெற்றவை 95ல் 42 ஆசனங்கள் மட்டுமே. இடதுசாரிக் கட்சிகள் மூன்றும் சேர்ந்து 18 பெற்றன. மலைநாட்டில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்றதோடு, வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரி வேட்பாளருக்கு உதவிற்று. சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு சிறுபான்மையோரைக் காக்குமென்று கூறப்பட்டது. ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் சுமார் ஏழு இலட்சம் மக்களை நாடற்றோரும் வாக்கற்றோருமாக்கியபோது 29ஆம் பிரிவு அவர்களைக் காக்கவில்லை. தொகுதிகளின் எண்ணிக்கையைக் கணிக்கும்போது அம்மக்கள் தலைகளாக எண்ணப்பட்டனர், வாக்களிக்கும்போது இல்லாதோராயினர். அவர்களின் தலைகளாற் பெருகிய ஆசனங்களில் வேறு வர்க்கத்தின் பிரதிநிதிகள் அமர்ந்தனர். தமிழ்க் காங்கிரஸின் தலைமை அதே 1948ல் அரசாங்கத்திற் சேர்ந்தது. அதன் விளைவான பிளவே 1949ல் தமிழரசுக் கட்சியாயிற்று. யாழ்ப்பாணத்து மேற்றட்டினர் மலையகத் தொழிலாளியைத் தம்மினத்தவனாகக் கருதிய ஆழம் எவ்வளவு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தேயிலையின் உபரியே உணவு மானியத்தையும் 1945ல் வந்த இலவசக் கல்வியையும் தாங்கிற்று. அவ்வுபரியை ஈட்டியவர்கள் அதன் பயனில் கடைசிப் பங்குதாரராயினர் என்பது இவ்வரசின் அடிப்படை அநீதி. உபரி சுருங்கியதும் மானியம் வெட்டப்பட்டது. 1953ல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தபோது ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் நாட்டை உலுக்கியது. பிரதமர் பதவி விலகினார். ஆயின் அதன் அறுவடையை இடதுசாரிகள் செய்யவில்லை. கிராமத்து ஆசிரியரும் வைத்தியரும் பிக்குவும் சிறு வணிகரும் 1956ல் அதனைத் தனிச்சிங்களச் சட்டமாக அறுவடை செய்தனர். ஆங்கிலம் அறிந்த சிறுகுழாத்தின் ஆதிக்கத்துக்கு எதிரான நியாயமான சீற்றம் அதிலிருந்தது. அச்சீற்றம் உத்தியோகம் என்ற ஒரே குறுகிய வாயிலை நோக்கியதால், வாயிலில் முன்னரே நின்ற தமிழன் எதிரியாயினான். அதே 1956ல் இந்தியா மாநிலங்களை மொழிவழியே திருத்தியமைத்தது. அதற்குக் காரணம் இந்திய முதலாளி வர்க்கத்தின் நற்குணமன்று. அங்கு பல மொழிப் பிரதேசங்களில் வேரூன்றிய வெகுசன இயக்கங்கள் அதனைக் கட்டாயப்படுத்தின. இங்கு அத்தகைய இயக்கம் வளருமுன்பே ஆட்சி கைமாறிவிட்டது.

5

1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பு 29ஆம் பிரிவை அகற்றியது. சிங்களத்தின் நிலையை யாப்பிலேயே பதித்தது. பௌத்தத்துக்கு முதன்மை அளித்தது. அதனை உருவாக்கிய அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா. வெள்ளவத்தை ஆலை வாசலில் இருமொழித் தொழிலாளரை ஒன்றுசேர்த்தவர். 1956ல் தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்துப் பாராளுமன்றத்தில் உறுதியாக வாதிட்டவர். அவரைத் துரோகி என்று கூறி முடித்துவிடுதல் எளிது. ஆனால் தோட்டத் தொழிலாளியின் வாக்குப் பறிக்கப்பட்டபின் பாராளுமன்றப் பாதையைத் தேர்ந்த ஓர் இடதுசாரிக் கட்சிக்கு எஞ்சியிருந்த வாக்காளர் யாவர் என்ற கேள்வியிலிருந்தே அவ்விளக்கம் தொடங்க வேண்டும். 1964ல் கூட்டரசாங்கத்திற் புகுந்த கட்சி, தான் மாற்ற எண்ணிய அரசினால் மாற்றப்பட்டது. 1977ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சிக்கு ஓர் ஆசனமும் கிட்டவில்லை.

அத்தேர்தலிற் பாதியைச் சற்றே தாண்டிய வாக்குகளால் 168ல் 140 ஆசனங்களைப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சி, 1978ல் நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை நிறுவியது. திறந்த பொருளாதாரத்துக்கும் இம்முறைக்கும் உள்ள தொடர்பு தற்செயலானதன்று. மானியத்தை வெட்டவும் மூலதனத்துக்கு வாயிலைத் திறக்கவும் வாக்காளரின் கோபத்துக்கு எட்டாத ஓர் அதிகாரம் வேண்டியிருந்தது. 1980 ஜூலை வேலைநிறுத்தக்காரர் பல்லாயிரவர் வேலை நீக்கப்பட்டமையும், 1979ல் தற்காலிகமானதெனக் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982ல் நிரந்தரமாக்கப்பட்டமையும், அவ்வாண்டு டிசெம்பரில் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு நடந்தமையும், 1983 ஜூலையில் இக்காலி வீதி எரிந்தமையும் ஒரே சங்கிலியின் கண்ணிகள்.

6

இலக்கிய மாணவராகிய நாம் இங்கு நம்மையும் விசாரணைக்கு உட்படுத்தல் வேண்டும். 1954ல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தேசிய இலக்கியம் என்ற கோஷத்தை முன்வைத்தது. தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் பிடியிலிருந்து ஈழத்து எழுத்தை மீட்டதும், பஞ்சமனையும் தோட்டத் தொழிலாளியையும் இலக்கியத்தின் நடுவே நிறுத்தியதும் அவ்வியக்கத்தின் அழியாத சாதனைகள். செ. கணேசலிங்கனின் 'நீண்ட பயணம்', டானியலின் 'பஞ்சமர்' ஆகியன தமிழினத்தின் உள்ளேயுள்ள ஒடுக்குமுறையை மறைக்க மறுத்தன. ஆனால் 'தேசிய' என்ற அடைமொழியில் ஒரு மயக்கம் இருந்தது. அரசு எல்லோருக்கும் பொதுவானது, அதன் ஆட்சியாளரே மாற வேண்டியோர் என்ற எண்ணம் அதில் உள்ளுறைந்திருந்தது. 'பஞ்சமர்' வெளிவந்த அதே 1972ல் குடியரசு யாப்பும் வந்தது. முதலாவதைக் கொண்டாடிய நம் விமரிசன மரபு, இரண்டாவதின் முன் தயங்கி நின்றது.

இத்தயக்கத்தைச் சி. வி. வேலுப்பிள்ளையின் வாழ்வு எள்ளி நகைக்கிறது. அவர் எழுத்தாளர், 1947ல் தலவாக்கொல்லையிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். அடுத்த தேர்தலுக்குள் அவரைத் தேர்ந்தோரின் வாக்கே பறிக்கப்பட்டது. அவர் தம் நாவலொன்றுக்கு 'வீடற்றவன்' என்று பெயரிட்டமையை ஓர் உவமையாக வாசிப்போர், அதன் சட்டபூர்வமான பொருளைத் தவறவிடுவர்.

மறுபுறத்தில், தமிழ்த் தேசியத்தின் பெயரால் எழுந்த இயக்கமும் தான் எதிர்த்த அரசின் தருக்கத்தையே தனக்குள் வளர்த்துக்கொண்டது. 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியமை இதன் கொடிய சான்று. ஒரு நிலம் ஓர் இனத்துக்கே உரியது என்ற கருத்து, யாருடைய கையில் இருந்தாலும் அதே வேலையையே செய்கிறது. 2009 மே மாதத்தில் போர் முடிந்ததும் அக்கருத்து முடிந்துவிடவில்லை.

7

2022ல் கடனிறுக்க இயலாத அரசு வங்குரோத்தானது. மக்கள் எழுச்சியால் ஜனாதிபதி ஒருவர் நாட்டைவிட்டு ஓடினார். 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 225ல் 159 ஆசனங்களைப் பெற்றது. யாழ்ப்பாண மாவட்டத்திலும் நுவரெலியாவிலும் அதுவே முதலிடம் பெற்றது. இதன் முதன்மைக் கட்சி, 1971ல் இந்திய விஸ்தரிப்புவாதம் என்ற பாடத்தின் மூலம் தோட்டத் தொழிலாளியைச் சந்தேகத்துக்குரியவனாகக் காட்டிய கட்சி. மக்கள் அதனிடம் மாற்றத்தை நம்பி வாக்களித்தனர் என்பது மெய். அந்நம்பிக்கையை ஏளனம் செய்வது நம் வேலையன்று. 1936ஐயும் 1956ஐயும் 1970ஐயும் அறிந்தோர், பெரும்பான்மை ஆசனங்களுக்கும் அரசின் மாற்றத்துக்கும் இடையேயுள்ள தூரத்தை அளக்கக் கடமைப்பட்டோர்.

அத்தூரத்தை அளக்கச் சில அளவுகோல்கள் உண்டு. தோட்டத் தொழிலாளிக்கு லயத்துக்கு மாற்றாக நிலமும் வீடும் உரிமையாகுமா? 1947ஆம் ஆண்டின் அவசரகாலச் சட்டம் சட்டப்புத்தகத்திலிருந்து நீக்கப்படுமா? கொழும்பிற் குவிந்த அதிகாரம், மாகாணங்களுக்கு மட்டுமன்றி அங்குள்ள உழைப்பாளருக்கும் சாதியால் ஒடுக்கப்பட்டோருக்கும் சென்று சேருமா? யாப்பின் வாசகங்கள் எவ்வளவு அழகாயினும், இவற்றுக்கு விடை தராதவை பழைய யாப்புகளின் புதிய பதிப்புகளே.

வெள்ளவத்தை ஆலை இருந்த நிலத்தில் இன்று மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. அங்கு 1933ல் இரு மொழிகளிற் பேசிய தொழிலாளர் ஒரே வாசலில் நின்றனர் என்பதை அறிந்தோர் அக்குடியிருப்புகளில் மிகச் சிலரே. அவ்வரலாற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒருங்கே எழுதி, இரு மொழி மாணவரும் வாசிக்கச் செய்தல் நம் பல்கலைக்கழகங்கள் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணி. ஒருமுறை நிகழ்ந்த ஒற்றுமை எதனால் நிகழ்ந்தது, எதனாற் குலைக்கப்பட்டது என்று தெளியாதவரை, அடுத்த யாப்பையும் நாம் பழைய மூன்று விடைகளைக் கொண்டே விளங்கிக்கொள்ள நேரும்.